புது முழங்காலோடு மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு

அம்மாவுக்கு 2021 கடைசியில் டொரொன்டோவில் வலது முழங்கால் மாற்றினார்கள். காலை ஆறரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு வோக்கரைப் பிடித்தபடி எங்கள் வீட்டுப் படி ஏறிவிட்டார். அன்றிரவே இலங்கை மலைநாட்டில் தலவாக்கலையிலிருந்து சித்தி போன் எடுத்து, "ஒரே நாள்ல வீட்டுக்கு விட்டுட்டாங்கன்னா பெருசா ஒன்னும் இல்லல்ல, மாசி மகத்துக்கு வந்துருங்கக்கா, மாத்தளைக் கோயில் தேரைப் பாத்துட்டுப் போகலாம்" என்றார். அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார். மாசி மகத்துக்கு மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் பெரிய சண்டை. அடுத்த வருடம் ஊரில் பெட்ரோல் வரிசை வந்தது, கடைசியில் 2023 மாசி மகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பயணத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் சித்தி நினைத்த மாதிரிதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

ஒரே நாளில் அனுப்பினார்கள் என்றால் என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் கனடா, பிரித்தானியா, அமெரிக்கா என்று எல்லா இடத்திலும் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டார்கள். இடுப்பு, முழங்கால் மாற்று எல்லாம் அந்தப் பட்டியலில் போயிற்று. மறுபடி தொடங்கியபோது ஆஸ்பத்திரி வாட்டில் கட்டில் இல்லை, கட்டில் இருந்தாலும் வயதானவர்களை அங்கே இரண்டு மூன்று இரவு வைத்திருக்கப் பயம். அதனால் தகுதியானவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் முறை வேகமாகப் பரவியது. முறை புதிதல்ல, அமெரிக்காவில் வயதானவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் திட்டம் முழங்கால் மாற்றை 2018 இலும் இடுப்பு மாற்றை 2020 இலும் கட்டாயம் தங்கிச் செய்ய வேண்டியவை என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்கிறார்கள், மூட்டைச் சுற்றியும் மரப்பு மருந்து ஏற்றுகிறார்கள், இரத்தம் அதிகம் போகாமல் இருக்க டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுக்கிறார்கள், சில மணி நேரத்தில் பிசியோதெரபி செய்பவர் வந்து எழுப்பி நடக்க விடுகிறார், படி ஏறி இறங்கிக் காட்ட வேண்டும், சிறுநீர் கழிய வேண்டும், வீட்டில் கூட இருக்க ஆள் வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் அனுப்புகிறார்கள். ஆனால் வெட்டிய எலும்பு அதேதான், உள்ளே வைத்த உலோகமும் பிளாஸ்டிக்கும் அதேதான். வீக்கம் வாரக்கணக்கில் இருக்கும், முழங்கால் முழுசாகப் பழகி வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூடப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் இருந்த நேரம்தான் குறைந்தது.

அதனால் டிக்கெட் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: நீண்ட தூர விமானப் பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள், அதுவும் உங்கள் அறுவை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. காரணம் காலில் இரத்தம் கட்டுவது. கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. டொரொன்டோவிலிருந்து இடையில் மாறி கொழும்பு வந்து சேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும், லண்டனிலிருந்து நேராக வந்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல். நடைபாதை ஓரச் சீட், மணிக்கு ஒருதரம் எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தண்ணீர். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் மூட்டின் உலோகத்தால் கருவி சத்தம் போடலாம், முன்கூட்டியே சொன்னால் போதும். டுபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் வலி மாத்திரையைக் கவனியுங்கள், டிரமடோல், கோடீன் எல்லாம் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், முன் அனுமதி வேண்டும். மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள், முடிந்தால் அந்த மாத்திரைகளை விட்டு வெளியே வந்த பிறகே பயணம் போங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே மலை ஏறுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. சொந்தக்காரர்கள் வான் பிடித்துக்கொண்டு வந்து காத்திருப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, புரிகிறது. ஆனாலும் நீர்கொழும்பிலோ கொழும்பிலோ ஒரு இரவு தங்குங்கள். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று ஹட்டனுக்குப் போகும் பாதை வளைவு வளைவாக ஏறுகிறது, ஒவ்வொரு வளைவிலும் கால் தானாக இறுகும். நாங்கள் கித்துல்கலையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தி அம்மாவைப் பத்து நிமிடம் நடக்க வைத்தோம், அப்படி இரண்டு இடத்திலாவது நிறுத்துங்கள். இடுப்பு மாற்றியவர்களுக்கு இன்னொன்று, ஆட்டோவின் சீட்டும் தாழ்ந்த காரின் சீட்டும் ஆரம்ப மாதங்களில் ஆகாது, முழங்கால் இடுப்பை விட உயரமாக மடங்கக்கூடாது. உயரமான வான் நல்லது, முன் சீட்டில் ஒரு தலையணை.

ரயில் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஹட்டன், நானுஓயா, ஹப்புத்தளை என்று ஜன்னலோரம் போவதைப் போல சுகம் வேறு இல்லை. ஆனால் பெட்டியின் படி உயரம், செங்குத்து, நிற்கும் நேரம் குறைவு, கூட்டம் தள்ளும். முதல் ஆறு மாதம் வேண்டாம். அதோடு 2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை கடுமையாகச் சேதமானது, வீதிகளிலும் மண் சரிந்தது, கிளம்பும் முன் உங்கள் ஊர்ப் பாதை எப்படி இருக்கிறது என்று அங்கே இருப்பவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம், லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். நம்மில் பலருக்குப் பிறந்த வீடு ரோட்டிலிருந்து மேலேயோ கீழேயோ இருக்கிறது. நடுவில் மண்ணில் வெட்டிய படி, மழை பெய்தால் பாசி, பிடிக்க ஒன்றும் இல்லை. கக்கூஸ் வெளியே, குந்தி உட்காரும் வகை. மாற்றிய முழங்கால் பொதுவாக 110, 120 பாகை மடங்கும், குந்துவதற்கு அதற்கும் மேலே மடங்க வேண்டும், இடுப்பு மாற்றியவர்களுக்கோ குந்துவதே ஆபத்து. அம்மா பழக்கத்தில் "நான் சமாளிச்சுக்கிறேன்" என்றுதான் சொல்வார், நம்பாதீர்கள். நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பே தம்பியிடம் பணம் அனுப்பி, படியின் ஒரு பக்கம் இரும்புக் குழாயில் கைபிடி போடச் சொன்னோம், நடுவில் ஓட்டை உள்ள கமோட் கதிரை ஒன்றும் வாங்கி வைத்தான். அந்தக் கைபிடியை இப்போது லயத்தில் உள்ள எல்லா வயசாளிகளும் பிடித்து நடக்கிறார்கள், எனக்கு அதில் தனி சந்தோஷம். இது முடியாவிட்டால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ டவுனில் கமோட் உள்ள ஒரு அறையில் தங்கி, பகலில் தோட்டத்துக்குப் போய்வாருங்கள். சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மாற்றிய கால் முதலில், கைத்தடி எப்போதும் நல்ல கால் பக்கக் கையில். இதை ஊருக்குப் போகும் முன் வீட்டிலேயே பழகி, நிற்காமல் இரண்டு மாடி ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் லயத்துப் படிக்கு அந்தக் கால் இன்னும் தயாராகவில்லை, டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள்.

எந்த மாதம் போகலாம்? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் வழுக்கல்தான். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசி மழை. பெப்ரவரி, மார்ச் இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு நல்ல காலம், ஆனால் நுவரெலியாவில் இரவுக் கூதல் உறைக்கும், மூட்டு விறைத்துப் போகும். காலையில் கட்டிலிலேயே நீட்டி மடக்கி விட்டு எழுந்திருங்கள்.

கோயிலில் கதிரை கேட்டு உட்காருங்கள், கீழே விழுந்து கும்பிட வேண்டாம், ஈரக் கல்லில் வெறுங்காலோடு நடக்கும்போது யாராவது கை கொடுக்கட்டும். மாத்தளைத் தேரை அம்மா ரோட்டோரம் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துதான் பார்த்தார், கண் நிறையப் பார்த்தார். சிவனொளிபாத மலைக்கு ஐயாயிரத்துக்கும் மேல் படி, ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலை உடைக்கும். மலையடிவாரத்தில் நல்லதண்ணி என்ற ஊரில் நின்றே கும்பிடலாம்.

ஊருக்குப் போன மூன்றாம் நாள் அம்மாவின் கெண்டைக்கால் வீங்கியது. சித்தி பாசத்தோடு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து நீவ உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன், அவருக்கு மனம் நொந்துபோயிற்று. ஆனால் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டாக இருக்கலாம், நீவவே கூடாது, முதலில் ஸ்கேன். கண்டிக்குப் போய் எடுத்தோம், கட்டு இல்லை, பயண வீக்கம்தான். திரும்பி வந்து சித்தியிடம் விளக்கிச் சொன்னேன். மூச்சு வாங்கல், நெஞ்சு வலி சேர்ந்து வந்தால் ஒரு நிமிடம்கூடப் பார்க்காதீர்கள், 1990 என்ற எண்ணுக்குப் போன் அடியுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், இலவசம். ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் தோட்டத்துக்குள் வழி தெரியாமல் நிற்பார்கள், ஒருவரைப் பெரிய ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

அட்டை கடித்தால் இரத்தம் மெலிதாக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெகுநேரம் வடியும், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டுங்கள், சொறிந்து புண்ணாக்க விடாதீர்கள். தோலில் சீழ் பிடித்தால் அந்தக் கிருமி இரத்தத்தில் கலந்து புது மூட்டுக்குப் போகக்கூடும். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சுட்டால் பார்மசியில் அன்டிபயாட்டிக் வாங்கிப் போட வேண்டாம், மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கும் முன் அதைப் போட்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். வெறும் காய்ச்சல் என்றாலும் டெங்கு இருக்கலாம், பனடோல் மட்டும் எடுத்து இரத்தம் சோதியுங்கள், அஸ்பிரின் எடுப்பவர் என்றால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகலாம், பெரிய விஷயம் என்றால் கண்டி.

சிலர் என்னிடம், ஊரில் இருக்கும் அப்பாவுக்கும் இப்படி ஒரே நாளில் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். சமமான தரை, கமோட், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வரும் பிசியோதெரபி, இவை எல்லாம் இருக்கும் இடத்துக்கு ஏற்ற முறை அது. ஆபரேஷன் முடிந்த அன்றிரவு கண்டியிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் வானில் குலுங்கி, இருட்டில் லயத்துப் படி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கொரோனா நேரத்தில் வாட்டைக் கண்டு பயந்த மாதிரி இப்போது பயப்படத் தேவையில்லை, இரண்டு மூன்று நாள் வாட்டில் இருக்கட்டும், பிறகு இரண்டு வாரம் டவுனில் யார் வீட்டிலாவது வைத்துப் பாருங்கள்.

கையில் வைக்க வேண்டிய காகிதங்கள்: ஆபரேஷன் குறிப்பு, மூட்டின் கம்பெனியும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரின் பிரதி, மாத்திரைகளின் மருந்துப் பெயர், பயணக் காப்புறுதி, அதில் மூட்டு மாற்றியதை மறைக்காமல் எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.