மல்லாட்டைத் தோலிலிருந்து சூப்பர்கெபாசிட்டர் மின்வாய்

வட ஆற்காட்டு மானாவாரி நிலங்களில் விளையும் வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, உடைத்தபின் எஞ்சும் தோல் பெரும்பாலும் அடுப்புக்கே போகிறது. அதைக் காற்றுப் படாமல் கரியாக்கி, அக்கரியில் நானோமீட்டர் அளவுத் துளைகளை உண்டாக்கினால், சூப்பர்கெபாசிட்டர் என்னும் மின்சேமிப்புக் கருவிக்கு ஏற்ற, மின்னூட்டத்தைத் தன் பரப்பிலேயே சேர்த்து வைக்கும் மின்வாய் கிடைக்கும். ஆரணி அரிசி ஆலைகளின் உமியும் உதவும். ஆனால் அதில் சிலிக்கா மிகுதி, அதை நீக்குவது தனி வேலை என்பதால் தொடங்குவோருக்குத் தோலே எளிது. குழாய் உலையும் புகை உறிஞ்சும் அலமாரியும் உள்ள ஆய்வகத்தில், மேற்பார்வையோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

மண் போகக் கழுவி, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்திப் பொடித்த தோலை, நைட்ரஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துக் கரியாக்குங்கள். கரியின் எடையைப் போல் 3 மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சிறிது நீரில் கரைத்து, கரியோடு கலந்து உலர்த்தி, மீண்டும் நைட்ரஜனில் 700 டிகிரியில் 1 மணி நேரம் வைத்தால், அந்த ஹைட்ராக்சைடுக் காரம் கரியை அரித்துத் துளையிடும். அது பீங்கானையும் கண்ணாடியையும் அரிக்குமாதலால் நிக்கல் மூசையே (உலையில் வைக்கும் கிண்ணம்) ஏற்றது. இவ்வினையில் ஹைட்ரஜனும், எளிதில் தீப்பற்றும் உலோகப் பொட்டாசியமும் உருவாவதால், உலை முழுவதும் ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தவோ உலையைத் திறக்கவோ கூடாது.

பலரும் அவசரப்படுவது கழுவும்போதுதான். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்; உள்ளே உருவான பொட்டாசியம் கார்பனேட் நுரைத்துப் பொங்கும். பின்னர் வடிநீரின் பி.எச். 7 ஆகும்வரை, எத்தனை முறையானாலும், காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். உப்பு தங்கினால் துளைகள் அடைபட்டே இருக்கும், எடையும் பொய்யாகும்.

உலர்ந்த கரி 80, மின்சாரத்தை நன்கு கடத்தும் கார்பன் பிளாக் என்ற நுண்கரி 10, பி.வி.டி.எஃப். (பாலிவினைலிடீன் ஃபுளூரைடு) பிணைப்பான் 10 என்ற எடை விகிதத்தில், என்.எம்.பி. (என்-மெத்தில் பிரோலிடோன்) கரைப்பானில் குழைத்து, 1 சதுர சென்டிமீட்டர் நிக்கல் நுரைத்தகட்டில் பூசி, 80 டிகிரியில் வெற்றிட அடுப்பில் இரவு முழுதும் உலர்த்தி அழுத்துங்கள். 6 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மின்பகுளியில் மாறா மின்னோட்டத்தில் மின்னேற்றி, மின்னிறக்கிச் சோதித்தபின், மின்னோட்டத்தை மின்னிறக்க நேரத்தால் பெருக்கி, கரியின் எடையையும் மின்னழுத்த வேறுபாட்டையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்தால், கிராமுக்கு இத்தனை ஃபாரட் என்ற மின்தேக்குதிறன் மதிப்பு வரும். பூச்சில் உள்ள கரி 1 மில்லிகிராமே என்றால், எடையில் 0.1 மில்லிகிராம் பிழையும் விடையில் சுமார் 10 விழுக்காடு பிழையாகும். ஆகவே தகட்டைப் பூசுமுன்னும் உலர்ந்த பின்னும் நுண்தராசில் நிறுத்து, ஒரே கரியில் மூன்று மின்வாய்களாவது செய்து ஒப்பிடுங்கள்.