கியர்பாக்ஸ்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கோலாலம்பூர் நெரிசலில் நின்று நின்று நகரும் ஆட்டோ (தானியங்கி கியர்) காரில், பி-யிலிருந்து டி-க்கு மாற்றிய பின் வண்டி தாமதித்து உலுக்கலுடன் கிளம்பினாலோ, கெந்திங் மலையேற்றத்தில் எஞ்சின் சுழற்சி மட்டும் உயர்ந்து வேகம் கூடாமலிருந்தாலோ, முதலில் கியர் எண்ணெயைப் பார்க்க வேண்டும். சாதாரண ஆட்டோ கியர்பாக்ஸில் புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும்; அது கருத்துக் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் சூடேறித் தேய்ந்திருக்கக்கூடும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: நுண்ணிய சாம்பல் பொடி இயல்பான தேய்மானம்; விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் உள்ளே ஏதோ உடைந்துவருவதன் அடையாளம்.

எண்ணெய் சுத்தமாக இருந்து, பழுதறியும் ஸ்கேனர் ஒரு சோலனாய்டையோ (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு) சென்சாரையோ பழுதெனக் காட்டினால், அதை மட்டும் மாற்றுவது போதும். முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்லும் பட்டறையிடம் ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். சில்லுகள் கலந்து, பல கியர்களும் வழுக்கினால், பிரித்துச் சரிசெய்யும் கூலியே எகிறிவிடும். அப்போது ஹாஃப்-கட் கடையின் (பழைய கார்களை வெட்டிப் பாகங்களை விற்கும் கடை) பழைய கியர்பாக்ஸ் மலிவுதான், ஆனால் மாடல் எண் பொருந்துவதையும் எழுத்துமூல உத்தரவாதத்தையும் உறுதிசெய்யாமல் முன்பணம் தராதீர்கள்.

2021-இல் புதுப்பிக்கப்பட்ட பெரோடுவா மைவி கார், டி-சிவிடி எனும், படிப்படியான கியர்களின்றித் தொடர்ச்சியாக விகிதம் மாறும் சிவிடி வகை கியர்பாக்ஸுக்கு மாறியது. அத்தகைய வண்டியில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட சிவிடி எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.