கிரியேட்டினின் ஏறியவர்கள் கஷாயம் குடிக்குமுன் பார்க்க வேண்டியவை

கல்லடைப்புக்குக் கொடுக்கும் மூலிகையைக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ரத்தக் கழிவு) ஏறியவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை எல்லாம் நீர் பிரிய வைக்கும் என்று பெயர் பெற்றவை. நாள்பட்ட சிறுநீரக நோயிலோ குறைவது வடிகட்டும் திறன். சிறுநீர் கூடுதலாகப் போனால் அது திரும்பிவிடாது. இழந்த திறனை மீட்கும் என்று நிரூபணமான மூலிகை இன்றுவரை இல்லை.

முதலில் ரிப்போர்ட்டை எடுங்கள். கிரியேட்டினின் மட்டும் போதாது. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்), பொட்டாசியம் இரண்டும் வேண்டும். இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே, அல்லது பொட்டாசியம் 5க்கு மேல் என்றால் கஷாயப் பேச்சே வேண்டாம். 400 மில்லி தண்ணீரை 100 மில்லியாகச் சுண்டவைக்கும்போது ஆவியாவது தண்ணீர்தான். மூலிகையிலிருந்து இறங்கிய பொட்டாசியம் முழுதும் அந்த அரை டம்ளரில் தங்கிவிடும். பொட்டாசியத்தைக் குறைக்க, காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டச் சொல்வதற்கு நேர் எதிரான வேலை இது. லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு உண்டு. 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். வாழைத்தண்டுச் சாறு, இளநீர், நோனி ஜூஸுக்கும் இதே கணக்குதான்.

ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டையும் தொடவே கூடாது. இவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு மாத்திரைகளில் இதே இனத்துச் சீன மூலிகை சேர்ந்துவிட்டது. நிறுத்திய பிறகும் சேதம் தொடர்ந்து, பலர் டயாலிசிஸ் வரை போனார்கள். ஸ்டார் ஃப்ரூட்டும் வேண்டாம்: விடாத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு வரை போகும்.

சிறுநீரக மருத்துவர் சம்மதித்து ஏதாவது எடுப்பதானால், ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. லேபிளில் சேர்மானம், உரிம எண், பேட்ச் எண் இருக்க வேண்டும். பெயரில்லாத பொட்டலப் பொடி, பற்பம், செந்தூரம் கூடாது. பாதரசம், ஈயம், ஆர்சனிக் இருக்கலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், சிறுநீரகத்தைக் காப்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கிரியேட்டினின் குறைந்திருந்தால் உடனே மகிழ வேண்டாம். பத்தியத்தில் தசை கரைந்தாலும் அது குறையும். எடையையும் சேர்த்துப் பாருங்கள்.

கைகால் தளர்ச்சி, படபடப்பு, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.