கொமாண்டாரியா: வெயில் காய்ச்சும் சைப்ரஸ் ஒயின்

சைப்ரஸ் தீவில், லிமசோல் நகருக்கு வடக்கே, திரோதோஸ் மலையின் தெற்குச் சரிவில் 14 ஊர்கள் இருக்கின்றன. அங்கே விளைந்த திராட்சையில் செய்தால்தான் கொமாண்டாரியா என்று பெயர் சொல்லி விற்க முடியும். 13ஆம் நூற்றாண்டில் கொலோசி கோட்டையை வைத்திருந்த சிலுவைப் போர் வீரர்கள் தங்கள் நிலத்தைக் 'கொமாண்டரி' என்றார்கள். ஒயினுக்கு வந்தது அந்தப் பெயர். திராட்சையைக் காய வைக்கும் வழக்கம் அவர்களைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது.

நாம் வீட்டில் செய்வது கொமாண்டாரியா ஆகாது, முறை மட்டும் அதே. உங்கள் ஊரில் வீட்டு ஒயினுக்குச் சட்டம் இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

1. பழம்

சைப்ரஸில் இரண்டு வகைதான்: வெள்ளைக்குச் சினிஸ்தேரி, கறுப்புக்கு மாவ்ரோ. மாவ்ரோ என்றாலே கிரேக்கத்தில் கறுப்பு. உங்களுக்குக் கிடைப்பதில் நன்றாகப் பழுத்து, தித்திப்பு ஏறிய பழம் 10 கிலோ வாங்குங்கள். வெடித்த பழம் ஒன்றுகூட வேண்டாம். கடைப் பழம் என்றால் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

2. காய வைத்தல்

ஒயினின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது. மொட்டை மாடியில் வடாம் போடுவது போலத் துணி விரித்து, குலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். சுள்ளென்ற வெயிலில் ஒரு வாரம் முதல் பத்து நாள், மந்தமான வெயிலில் இரண்டு வாரம் வரை ஆகலாம். தினமும் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். பூசணம் பிடித்த பழத்தை அப்போதே கிள்ளி எறியுங்கள். இரவில் பனி படாமல் மூடுவது கட்டாயம். முதல் முறை ஒரே ஒரு ராத்திரி சோம்பலில் மூடாமல் விட்டேன், கால்வாசிப் பழம் குப்பைக்குப் போனது.

உலர்திராட்சை ஆகும்வரை விடாதீர்கள். தோல் சுருங்க வேண்டும், பிதுக்கினால் தேன் மாதிரிச் சாறு வர வேண்டும், அவ்வளவுதான். 10 கிலோ 6 கிலோவாக வற்றியிருந்தால் சரியான பதம். சைப்ரஸில் சாற்றைப் பிழிந்ததும் சர்க்கரை லிட்டருக்கு 390 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. அத்தனையும் பழத்திலிருந்தே வர வேண்டும், வெளிச் சர்க்கரை கிடையாது. இனிப்பு போதவில்லை என்று சிலர் ஒரு கரண்டி போடுவார்கள். அதற்கு இன்னும் இரண்டு நாள் காய வைத்திருக்கலாம்.

3. பிழிதல்

காம்பை நீக்கி, கையால் நசுக்கி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழியுங்கள். கை வலிக்கும். 3 லிட்டர் கிடைத்தாலே நல்ல விளைச்சல்.

4. நொதிக்க விடுதல்

வெந்நீரில் கழுவிய கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள். அந்த ஊர்க்காரர்கள் பழத்தோலில் இருக்கும் ஈஸ்ட்டையே நம்பினார்கள். நாம்தான் கழுவிவிட்டோமே, அதனால் ஒயின் ஈஸ்ட் சேர்த்துவிடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியேறாவிட்டால் ஜாடி வெடிக்கும். காற்று வெளியே மட்டும் போகும் ஏர்லாக் மூடி இருந்தால் நல்லது.

இவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் திணறித்தான் வேலை செய்யும், இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ஆல்கஹால் 15 சதவீதத்தை நெருங்கும்போது அது ஓய்ந்துவிடுகிறது. அது தின்னாமல் விட்ட சர்க்கரைதான் இந்த ஒயினின் இனிப்பு.

5. முதிர விடுதல்

குமிழி நின்றதும், அடி வண்டலைக் கலக்காமல், ரப்பர் குழாய் வைத்துச் சின்னப் பாட்டில்களுக்கு மாற்றுங்கள். கழுத்துவரை நிரப்புங்கள். காற்றுக்கு இடம் விட்டால் வினிகர்தான் மிஞ்சும். கொமாண்டாரியா ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு கிடக்க வேண்டும். அந்தக் காலத்தில் பிதாரி என்ற பெரிய மண் தாழிகள் இருந்தன, கசியாமலிருக்க உள்ளே பைன் பிசின் பூசுவார்கள்.

அந்தத் தாழியை முழுசாகக் காலி செய்வதில்லை. எடுத்த அளவுக்குப் புது ஒயினை ஊற்றி வைப்பார்கள். இதற்கு 'மானா' என்று பெயர், அதாவது தாய். உறைமோர் மாதிரிப் புளிக்க வைப்பதற்கு இல்லை இது. பழைய ஒயினின் மணம் புதியதில் ஏற வேண்டும், அதற்காக. நீங்களும் முதல் வருஷத்து ஒயினில் ஒரு பாட்டிலைத் தொடாமல் வைத்துவிட்டு, அடுத்த வருஷத்து ஒயினோடு கலந்து பாருங்கள்.