பழைய டிவிடி பிளேயரில் ஓடும்படி டிஸ்க் ரைட் செய்வது எப்படி?

ரைட் செய்த டிவிடி கணினியில் நன்றாக ஓடும். வீட்டுப் பிளேயரில் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்று வரும். பல நேரம் டிஸ்க்கில் பழுதே இருக்காது. அது என்ன வகை டிஸ்க் என்று பிளேயருக்குப் புரிந்திருக்காது.

1. உறையில் டிவிடி-ஆர் (மைனஸ்) என்று இருக்கிறதா, டிவிடி+ஆர் (பிளஸ்) என்று இருக்கிறதா பாருங்கள். மைனஸ் 1997-இல் பயனியர் கொண்டுவந்தது. பிளஸ் 2002-இல், சோனியும் ஃபிலிப்ஸும் இருந்த எதிரணியிடமிருந்து வந்தது. அதனால் மிகப் பழைய பிளேயருக்கு மைனஸ்தான் என் தேர்வு. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வேண்டாம். அதில் லேசர் ஒளி குறைவாகவே திரும்பி வருவதால் பழைய பிளேயர்கள் தடுமாறும்.

2. உறையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் விண்டோஸ் கணக்கில் கிடைப்பது சுமார் 4.38 ஜிபிதான். பிளஸ்ஸில் மைனஸைவிட 7 எம்பி அளவுக்கு இடம் குறைவு. மைனஸில் விளிம்புவரை நிரம்பிய நகல் பிளஸ்ஸில் ஏறாது.

3. எம்பி4 கோப்பை அப்படியே போடாதீர்கள். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் பால் (PAL, நம்மூர் டிவிக்கான வீடியோ முறை) என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் கிடைக்கும்.

4. அந்த ஃபோல்டரை இம்ஜ்பர்ன் என்ற டிஸ்க் ரைட் செய்யும் மென்பொருளில் கொடுங்கள். 16எக்ஸ் டிஸ்க்காக இருந்தாலும் வேகத்தை 8எக்ஸ் வையுங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுகிறது. வேகம் கூடினால் விளிம்பில்தான் பிழைகள் சேரும். படம் கடைசி இருபது நிமிடத்தில் சிக்கிச் சிக்கி ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

5. பிளஸ் டிஸ்க் மட்டும்தான் கையில் இருக்கிறதா? ரைட் செய்வதற்கு முன்பே ‘புக் டைப்’ (இது என்ன வகை டிஸ்க் என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு) அமைப்பை ‘டிவிடி-ரோம்’ என்று மாற்றுங்கள். பிளேயர் அதைக் கடையில் வாங்கிய படமாகவே எடுத்துக்கொள்ளும். எல்லா ரைட்டரும் இதற்கு இடம்கொடுக்காது. மைனஸ் டிஸ்க்கில் இந்த வசதியே கிடையாது.

6. எழுதியது சரியா என்று பார்க்கும் ‘வெரிஃபை’யை டிக் செய்து, டிஸ்க் ஃபைனலைஸ் ஆகும்வரை, அதாவது எழுதி முடித்து மூடப்படும்வரை, காத்திருங்கள். ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கைப் பல பிளேயர்கள் தொடவே தொடாது. மேலே காகித லேபிள் ஒட்ட வேண்டாம். சுழலும்போது டிஸ்க் ஆடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓடவில்லையென்றால், கடையில் வாங்கிய பட டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லையென்றால் பிளேயரின் லென்ஸைத் துடைக்க வேண்டும். அது மட்டும் ஓடினால், வேறு கம்பெனி மைனஸ் டிஸ்க்கில் மறுபடி ரைட் செய்யுங்கள்.