வீட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்றால்: குடும்பம் செய்ய வேண்டியவை

ஒருவருக்கு எச்.ஐ.வி. உறுதியானதும், அதே வாரத்தில் கணவன் அல்லது மனைவிக்குச் சோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இது இலவசம். துணையிடம் சொல்லப் பயமாக இருந்தால், அடிதடி வரும் என்ற அச்சம் இருந்தால், முதலில் அங்குள்ள கவுன்சலரிடம் சொல்லுங்கள். அவர் முன்னிலையில் இருவருமாகப் பேசலாம். தொற்று இல்லை என்று வந்தாலும் 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். புதிய தொற்று முதல் வாரங்களில் சோதனைக்குப் பிடிபடாது.

பிள்ளைகளுக்குச் சோதனை தேவையா என்பதைத் தாயின் முடிவுதான் சொல்லும். தாய்க்கு இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாருங்கள். பிறக்கும்போதே தொற்றிய பிள்ளை பத்து வயது வரைகூட நோயின் சாயலே இல்லாமல் வளர்வதுண்டு. தாய்க்கு இல்லையென்றால் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாம். தாய் உயிரோடு இல்லாத வீட்டில் பார்த்துவிடுவதே நல்லது.

சோறு, தட்டு, கழிப்பறை, ஒரே பாயில் படுப்பது எதிலும் பரவாது. சவர பிளேடு மட்டும் தனியாக இருக்கட்டும்.

எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் கிடைக்கும். பெரும்பாலான பெரியவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்தது. சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, நேரம் மாறாமல் போட்டால் போதும். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்குக் காலை வேளை தவறிக்கொண்டே இருக்கும். இரவுச் சாப்பாட்டு நேரம் பொருந்தும். தூக்கம் கெட்டால் பகலுக்கு மாற்றலாம். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

வீட்டில் ஒருவர் மாத்திரைத் துணையாக இருக்க வேண்டும். மிரட்டுபவர் வேண்டாம், நினைவூட்டுபவர் போதும். மாதக் கடைசியில் டப்பாவில் மிஞ்சியதை எண்ணுங்கள். பார்ப்பவர்களுக்குப் பயந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்து ஒளிப்பவர்கள் பலர். கடலோரக் காற்றின் ஈரத்தில் அது கெட்டுப்போகும். லேபிளைக் கிழித்துவிட்டு, மாத்திரையை அதே டப்பாவில், உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் போன்றவை டோலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்தில் ஏறாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கூட்டு மருந்தைப் போடுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் இன்னொரு வேளையும் தேவைப்படும், மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தொடங்கிய 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கொருமுறை வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பாருங்கள். கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்தால் உடலுறவில் துணைக்குப் பரவாது. அதுவரை ஆணுறை கட்டாயம். வீட்டார் மாத்திரையை நினைவூட்டுவது நோயாளிக்கு மட்டுமான உதவி அல்ல, துணைக்கும் அதுவே காப்பு. வைரல் லோடு 1000ஐத் தாண்டினால் குற்றம் சாட்டாமல், எந்த நாட்களில் ஏன் தவறியது என்று தேடுங்கள்.

ஐப்பசி பிறக்குமுன் 10 நாள் மாத்திரை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் புயல்களில் இந்தக் கடலூர், புதுச்சேரிக் கரையில் சாலைகள் எப்படி அடைபட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். சிகிச்சைப் புத்தகத்தைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். கேரளாவுக்கோ வேறு ஊருக்கோ வேலைக்குப் போகிறவர், அங்குள்ள மையத்துக்கு மாற்றுக் கடிதம் வாங்கிச் செல்லட்டும்.

கர்ப்பிணியின் மாத்திரை அதிகம் தவறுவது வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போதுதான். அங்கே யாருக்கும் தெரியாது, ஒளித்து வைக்க இடமிருக்காது. போகுமுன் அம்மாவிடமோ அக்காவிடமோ ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு பார்த்து, மருத்துவமனையில் பிரசவியுங்கள். குழந்தைக்குப் பிறந்தவுடன் தொடங்கி 6 வாரம், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் சொட்டு மருந்து. தாயின் வைரல் லோடு இறங்காமலிருந்து, தாய்ப்பாலும் கொடுத்தால் 12 வாரம். தாய்ப்பால் என்றால் முதல் 6 மாதம் அது மட்டும். பாட்டிமார் பாசத்தோடு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, இடையில் ஊட்டும் பசும்பால் எல்லாம் குழந்தையின் இளங்குடலைப் புண்ணாக்கி, வைரஸ் நுழைய வழி திறந்துவிடும். பாட்டியிடம் "டாக்டர் வேண்டாம் என்றார்" என்றால் போதும், நோயைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கு 6ஆம் வாரத்தில் முதல் சோதனை, 18ஆம் மாதத்தில் இறுதிச் சோதனை.

மருந்து எடுக்கும் பிள்ளையை ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். எடை ஏற அளவும் ஏற வேண்டும், பழைய அளவு போதாமல் போகும். ஆறு வயதில் "உடம்பில் ஒரு கிருமி, இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்கும்" என்று தொடங்கலாம். 12 வயதுக்குள் பெயரைச் சொல்லிவிடுங்கள். பிறர் வாயால் கேட்ட பிள்ளை மாத்திரையை நிறுத்திவிடுவது மிகுதி. பள்ளியில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி தொற்றைக் காரணம் காட்டி பள்ளியோ வேலையிடமோ வெளியேற்ற முடியாது, சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்தும் துரத்த முடியாது. சந்தேகத்துக்கு 1097ஐ இலவசமாக அழைக்கலாம்.