ரிஷிகேஷில் ராஃப்டிங்: கிலோமீட்டரைப் பார்த்து புக் பண்ணாதீர்கள்

ரிஷிகேஷில் கங்கையில் ராஃப்டிங் (ரப்பர் படகில் ஆற்றோட்டத்தோடு இறங்குவது) நடத்தும் எந்த ஏஜென்சிக்குப் போனாலும் விலைப்பட்டியல் தூரக் கணக்கில்தான் இருக்கும். பிரம்மபுரியிலிருந்து 9 கிலோமீட்டர், சிவ்புரியிலிருந்து 16, மெரைன் டிரைவிலிருந்து ஏறத்தாழ 25, கௌடியாலாவிலிருந்து 36. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், பெருசாவே போயிடலாம்" என்று 36-க்குப் பணம் கட்டுபவர்கள் நம்மில் நிறைய. கூடுவது தூரம் மட்டுமல்ல. ஆறு பாறைகளுக்கு நடுவே கொந்தளித்துப் பாயும் இடங்களுக்கு கிரேடு கொடுப்பார்கள், எண் கூடினால் ஆபத்தும் கூடும். அப்படி சிவ்புரிக்குக் கீழே வருபவை பெரும்பாலும் கிரேடு 2, 3. கௌடியாலா பக்கம் 'தி வால்' என்ற இடம் கிரேடு 4-க்கும் மேல். ஆறு பாறைச் சுவரில் மோதித் திரும்புகிற அந்த இடத்தில் படகு கவிழ்வது சாதாரணம். முதல் முறை போகிறவர்களுக்கு சிவ்புரியே தாராளம்.

அந்த கிரேடும் நிலையானதல்ல. தண்ணீர் ஏறினால் சில பாறைகள் மூழ்கி இடம் சாதுவாகிவிடும், சில இடங்களில் சுழல் பெரிதாகும். பள்ளி லீவு என்று நாம் கிளம்புவது மே மாதம். மேலே பனி உருகி கங்கை பெருகத் தொடங்குவதும் அப்போதுதான். ஜூலை, ஆகஸ்டில் மழையால் ராஃப்டிங்கே கிடையாது. அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச் கிடைத்தால் விடாதீர்கள். இன்னொன்று, கங்கையின் மூல ஆறான பாகீரதியில் டெஹ்ரி, கோட்டேஷ்வர் அணைகள் இருக்கின்றன. மின் உற்பத்திக்குத் திறந்துவிடும் தண்ணீர் தேவப்பிரயாகை தாண்டி வரும்போது, காலையில் பார்த்த மட்டம் மதியம் இருக்காது. அதனால் புக் பண்ணும்போதே கேளுங்கள்: தண்ணீர் அதிகமானால் எந்தப் பகுதியைத் தவிர்ப்பீர்கள், பணம் திரும்ப வருமா? மழுப்புகிற ஆளிடம் பேரம் பேசவே வேண்டாம். கூடவே சேஃப்டி கயாக் (தண்ணீரில் விழுந்தவரை மீட்க ஒருவர் ஓட்டி வரும் குறுகிய சிறு படகு) வருமா என்றும் கேளுங்கள்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்று லைஃப் ஜாக்கெட்டை லூசாகப் போடுவது அடுத்த வினை. பக்கத்தில் இருப்பவரை உங்கள் தோள்பட்டை வாரைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், இறுக்குங்கள். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். இடுப்பளவுதானே என்று ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள். பாதம் பாறை இடுக்கில் மாட்டினால், பின்னாலிருந்து வரும் வேகம் ஆளை முன்னால் சாய்த்து முகத்தை அமுக்கிவிடும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

துடுப்பின் 'டி' வடிவக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள். படகு குலுங்கும்போது பயந்து கயிற்றைப் பிடிக்கப் போவோம். விட்ட கைப்பிடி பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பதம் பார்க்கும்.

ஜீன்ஸ், ரப்பர் செருப்பு இரண்டும் வேண்டாம். வெயில் கொளுத்துகிற மே மாதத்திலும் தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கும், நனைந்த ஜீன்ஸ் காயவே காயாது. சீக்கிரம் காயும் டிரை-ஃபிட் துணியும் பின்பட்டை வைத்த செருப்பும் போதும். முந்தின இரவு குடித்துவிட்டு வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கயாக்கில் தனியாக இறங்க ஆசைப்படுபவர்கள், நீச்சல் குளத்தில் 'ரோல்' (கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது) வந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். முதலில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஆறு தெரிந்த ஆட்களோடு இறங்குங்கள்.

அன்று மாலையே ஹரித்வாரிலிருந்து ரயில் போட்டு வைக்கிற பழக்கமும் நமக்கு உண்டு. மே, ஜூனில் பத்ரிநாத், கேதார்நாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்குப் போகும் சார்தாம் யாத்திரை வண்டிகள் எல்லாம் அதே மலைச் சாலையில்தான் போகும். படகு இறக்கும் இடத்துக்குப் போகவே பாதி நாள் ஆகிவிடலாம். டிக்கெட்டை மறுநாளுக்குப் போடுங்கள்.